ஆலைநகரின் பெயர் தாங்கிய ஆடலிசை

மான்செஸ்டர் என்றவுடன் நம் நினைவில் எழுவன பஞ்சாலைகளே. கோவை மாநகரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நாம் வழங்கி வருவதும் அதனாலன்றோ! எனினும், புகைபோக்கிகளால் பெயர்பெற்ற அவ்வூரின் பெயரை ஓர் ஆடலிசையும் தாங்கி நிற்பதை நம்மில் அறிந்தோர் சிலரே. 'மான்செஸ்டர் ஹார்ன்பைப்' என்பது அதன் பெயர்.

ஹார்ன்பைப் என்பது தொடக்கத்தில் கொம்பு பொருத்திய ஊதுகுழலைக் குறித்தது. பின்னர் ஓர் ஆடலுக்கும், அவ்வாடலுக்குரிய மெட்டுக்கும் ஆகுபெயராயிற்று. மான்செஸ்டரை உள்ளடக்கிய லங்காஷயர் வட்டாரம் இவ்விசையில் பழமை வாய்ந்தது. தாமஸ் மார்ஸ்டன் என்பார் தொகுத்த லங்காஷயர் ஹார்ன்பைப் மெட்டுகள் 1705ஆம் ஆண்டிலேயே அச்சேறின. அவை மும்மை நடையில் அமைந்தவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ நாற்கூற்று நடை செல்வாக்குப் பெற்றது. நாம் கூறும் மெட்டு இப்பிந்தைய வகையினது. எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட இரு பகுதிகளை இருமுறை இசைக்க, முப்பத்திரண்டு வட்டங்களில் அது நிறைவுறும். அதனை இசைக்கும் பிடில், நம் இசையரங்குகளில் வயலின் என வழங்கும் அதே கருவியேயாம்.

இம்மெட்டுக்குப் பெயர் ஒன்றன்று. நார்போக் பகுதியில் யார்மவுத் துறைமுகத்தின் பெயரால் வழங்குகிறது. அமெரிக்காவிலோ 'ரிக்கட்ஸ் ஹார்ன்பைப்' எனப்படுகிறது. ஜான் பில் ரிக்கட்ஸ், 1793இல் பிலடெல்பியா நகரில் சர்க்கஸ் அரங்கு நிறுவிய குதிரை வித்தகர். ஓடும் குதிரையின் சேணத்தின்மேல் நின்று அவர் ஹார்ன்பைப் ஆடினார் என்பர்.

ஓரிடத்தில் வித்தகரின் பெயர். ஓரிடத்தில் உழைப்போர் ஊரின் பெயர். இரண்டாவது பெயரே நம் சிந்தனைக்குரியது. லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் மரத்தாலான அடி பொருத்திய காலணி அணிந்தனர். அக்காலணியின் ஒலியையே தாளமாக்கி அவர்கள் ஆடிய ஆடலுக்கு ஹார்ன்பைப் மெட்டுகள் துணையாயின. தறியின் ஓசையே அவ்வடிவைப்புக்கு வித்திட்டது என்பது அவ்வட்டாரத்து மரபுரை. திரையுலக மேதை சார்லி சாப்ளின் சிறுவராக மேடையேறியதும் இவ்வாடலை நிகழ்த்திய குழுவொன்றிலேதான்.

எந்திரத்தின் முன் நின்றோர் எந்திரமாகி விடவில்லை என்பதற்கு இவ்வாடலிசை சான்று. ஆயின், சான்றுகள் தாமாக நிலைப்பதில்லை. நியூகாசில் நகரில் 1770இல் வில்லியம் விக்கர்ஸ் என்பார் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிடில் மெட்டுகளைத் தம் கையால் எழுதி வைத்தார். அத்தகையோரின் ஏடுகள் இல்லையெனில் பல மெட்டுகள் இசைத்தோருடனேயே மறைந்திருக்கும்.

அவர்களுக்குத் தேவைப்பட்டவை கூர்ந்த செவியும் ஒரு குறிப்பேடுமே. நம் இல்லத்து முதியோர் நாவில் வாழும் பாடல்களுக்கும் அவை இரண்டுமே வேண்டும். மாணவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!