மலையக நூல்கள் மின்வாசிப்பானுக்கு: எந்தக் கோப்பை, எப்படி மாற்றுவது?

மறுபதிப்புக் காணாத மலையக நூல்களை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடை கடையாகத் தேட வேண்டியதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் மலையக எழுத்துகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால், அவற்றை இணையத்திலேயே வாசிப்பதற்கு டேட்டா வேண்டும், சிக்னலும் வேண்டும். பல லயங்களில் இரண்டுமே நிச்சயமில்லை. நகரத்தில் ஒருமுறை மடிக்கணினியில் தரவிறக்கி, வயர் மூலம் மின்வாசிப்பானுக்கு மாற்றிவிட்டால் பிறகு இணையமே தேவையில்லை. ஒரு தடவை சார்ஜ் செய்தால் அக்கருவி வாரக்கணக்கில் இயங்கும்.

மாற்றுவதற்கு முன் கோப்பின் வகையைக் கவனியுங்கள். ‘நூலகம்’ தளத்தில் பெரும்பாலும் கிடைப்பவை பிடிஎஃப் கோப்புகள். அவை பக்கங்களின் படங்கள் என்பதால், ஆறு அங்குலத் திரையில் எழுத்து பொடியாகத் தெரியும். ஈபப் கோப்பு அப்படியல்ல. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். 2013இல் தொடங்கிய ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ தளத்தில் ஈபப் கோப்புகளும், ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் கோப்புகளும் கிடைக்கின்றன.

கோபோ கருவியை வயரால் கணினியுடன் இணைத்து, ஈபப் கோப்பை அதில் பிரதி செய்து, முறைப்படி துண்டித்தால் போதும். கிண்டில் கருவியில் அப்படிப் போட்ட ஈபப் திறக்காது. ‘கலிபர்’ என்ற இலவச மென்பொருளில் அதை ஏ.இசட்.டபிள்யூ.3 வடிவத்துக்கு மாற்றி, கிண்டிலின் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் இடவேண்டும். இணையம் கிடைக்கும் இடமானால், அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை ஈபப் கோப்பை நேரடியாகவே ஏற்கும். எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால், தமிழ் எழுத்துரு ஒன்றைக் கருவியின் ‘ஃபொன்ட்ஸ்’ கோப்புறையில் சேர்த்து, வாசிக்கும்போது அதைத் தெரிவு செய்யுங்கள்.

படப் பக்கங்களாக உள்ள பிடிஎஃப் கோப்புக்கு முதல் வழி, கருவியின் திரையைக் கிடையாகத் திருப்பி வாசிப்பது. அதுவும் போதாவிட்டால் ‘கே2பிடிஎஃப்ஆப்ட்’ என்ற இலவச மென்பொருள் ஓரங்களை வெட்டி, வரிகளைச் சிறு திரைக்கேற்ப அடுக்கித் தரும். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் அதே கோப்புகளை அதே வயரால் கைத்தொலைபேசிக்கு மாற்றலாம்.

கோப்பு நம் கையில் இருப்பது ஏன் முக்கியம்? கிண்டிலுக்காக வாங்கிய நூல்களைக் கணினியில் தரவிறக்கி வயர் மூலம் மாற்றும் வசதியை அமேசான் 2025 பெப்ரவரி 26இல் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய நூலானாலும் அதை எப்படி எடுத்துச் செல்வது என்பதை நிறுவனமே தீர்மானிக்கிறது. கணினியில் சேமித்த ஈபப் கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பகிரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இலவசமாக வாசிக்கக் கிடைக்கும் எல்லா நூலும் பிரதி செய்து விநியோகிக்க அனுமதிக்கப்பட்டதல்ல. கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியானவற்றை உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம். தோட்டப் பாடசாலையில் ஒரு மடிக்கணினியும் ஒரு வயரும் இருந்தால், அத்தகைய நூல்களை ஒரு வகுப்பு முழுவதற்கும் கொண்டு சேர்த்துவிடலாம்.