வளைந்த முதுகு நிமிர்ந்த பின்: முதல் ஓராண்டு

முதுகெலும்பு வளைவுக்கான அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நாளில் நோயாளிகள் பல கேள்விகள் கேட்பதுண்டு. அவற்றுள் தவறாமல் இடம்பெறும் ஒன்று: ‘இனி எப்போது தரையில் உட்காரலாம்?’

தாமிரபரணிக் கரையில் வாழ்வோருக்கு இது இயல்பான கேள்வி. உண்பது, உறங்குவது, காய் நறுக்குவது, கோலமிடுவது, படித்துறையில் துணி துவைப்பது என நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி தரையை ஒட்டியே நடக்கிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் பீடி சுற்றுவோரும் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரும் நாள் முழுவதும் தரையில் அமர்ந்தே உழைக்கின்றனர். நாற்காலியிலும் மேசையிலும் வாழ்வோருக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் நமக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. நம் வீடுகளை மனத்திற்கொண்டு சில விளக்கங்களை இங்கே தருகிறேன்.

யாருக்கு, ஏன் இந்தச் சிகிச்சை?

முதுகெலும்பு பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் வளைந்து, முள்ளெலும்புகள் முறுக்கிக்கொண்டும் இருந்தால் அதனை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். வயது வந்தோரிடம் இது இரு வகையாகக் காணப்படுகிறது. சிறு வயதில் தோன்றிய வளைவு கவனிக்கப்படாமல் தொடர்வது ஒன்று. ஏறத்தாழ 50 வயதுக்குப் பின் வட்டுகளும் மூட்டுகளும் தேய்ந்து புதிதாக வளைவது மற்றொன்று.

வளைவு உள்ள அனைவருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. மார்புப் பகுதியில் 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, உடல் வளர்ச்சி நின்ற பின்னரும் ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி வீதம் கூடக்கூடும். வளைவு இவ்வாறு கூடிக்கொண்டே போனாலோ, கால் நரம்புகள் அழுத்தப்பட்டு நடக்க இயலாமற் போனாலோ, உடல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கவே சிரமமானாலோ, மருந்தாலும் உடற்பயிற்சியாலும் வலி அடங்காவிட்டாலோ அறுவையைப் பற்றி எண்ணுகிறோம்.

உலோகத்தின் வேலையும் எலும்பின் வேலையும்

அறுவையின்போது முள்ளெலும்புகளில் டைட்டானியத் திருகாணிகளைப் பொருத்தி, அவற்றை இரு கம்பிகளால் இணைத்து, வளைவை இயன்ற அளவு நிமிர்த்துகிறோம். பின்னர் முள்ளெலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி, அதன்மேல் எலும்புத் துண்டுகளைப் பரப்பி வைக்கிறோம். இத்துண்டுகளின் உதவியால் புதிய எலும்பு வளர்ந்து, தனித்தனியாக இருந்த முள்ளெலும்புகள் ஒரே எலும்பாகக் கூடவேண்டும். இதுவே எலும்பு இணைவு.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் பால் ஹாரிங்டன், வளைந்த முதுகில் உலோகக் கம்பி பொருத்தும் முறையை உருவாக்கி 1962ஆம் ஆண்டு வெளியிட்டார். தொடக்கத்தில் அவர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறாருக்கு எலும்பு இணைவு செய்யாமல் கம்பியை மட்டும் பொருத்திப் பார்த்தார். நாளடைவில் கொக்கிகள் நழுவின, கம்பிகள் முறிந்தன, நிமிர்ந்த முதுகு மீண்டும் வளைந்தது. எலும்பு கூடாத முதுகில் உலோகம் நெடுநாள் தாங்காது என்பதை மருத்துவ உலகம் அப்போது கற்றுக்கொண்டது. அக்காலக் கொக்கிகளுக்குப் பதிலாக இன்று உறுதியான திருகாணிகள் வந்துவிட்டன. மாதக்கணக்கில் மாவுக்கட்டுடன் படுத்திருக்கவும் தேவையில்லை. ஆயினும் அந்தப் பாடம் மாறவில்லை.

வயது வந்தோருக்கு எலும்பு உறுதியாகக் கூட 6 மாதம் முதல் 12 மாதம் வரை ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். நம் வயல்களின் கணக்கில் சொன்னால், ஒரு காரும் ஒரு பிசானமும் அறுவடையாகும் காலம். அதுவரை கம்பிகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. எலும்பு கூடும் முன் அவற்றின்மேல் மிகுந்த சுமை விழுந்தால், திரும்பத் திரும்ப வளைக்கப்பட்ட கம்பி முறிவதுபோல் அவையும் முறியக்கூடும்.

நான் கற்றுக்கொண்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் சிகிச்சையளித்த பெண்மணி ஒருவரின் அனுபவத்தை, அவருடைய இசைவுடன், பெயர் குறிப்பிடாமல் பகிர்கிறேன். அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். பீடி சுற்றிக் குடும்பத்தைக் காத்தவர். அறுவை நல்ல முறையில் முடிந்தது. பத்தாவது வாரத்தில் வலி ஏறக்குறைய நீங்கிவிட்டது. நிமிர்ந்து நடந்து வந்தவரைக் கண்ட வீட்டார், குணமாகிவிட்டது என்றே எண்ணினர். அவரும் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் சுமந்தார். தரையில் அமர்ந்து மீண்டும் பீடி சுற்றினார். பதினான்காம் மாதம் ஒருநாள் முதுகில் ‘சுருக்’கென்று வலித்தது. எக்ஸ்ரேயில் ஒரு கம்பி முறிந்திருந்தது. இரண்டாவது அறுவை தேவைப்பட்டது.

‘கனமான வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தேனே’ என்றேன். ‘கனமான வேலை எதுவும் செய்யவில்லையே டாக்டர், வீட்டு வேலைதானே பார்த்தேன்’ என்றார் அவர். பிழை என்னுடையது என அன்று உணர்ந்தேன். ஒரு குடம் தண்ணீர் அவருக்குக் கனமன்று, அன்றாடம். அன்றுமுதல் எத்தனை கிலோ, எத்தனை வாரம், எந்த உயரம் என்று எண்ணிக்கையோடு சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். வலி குறைவது எலும்பு கூடியதன் அடையாளம் ஆகாது என்பதையும் வீட்டாரை அருகில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

காலக் கணக்கு

*மருத்துவமனையில்:* முதல் மூன்று நான்கு நாட்கள் வலி மிகுதியாக இருக்கும். ஆயினும் பெரும்பாலோரை முதல் நாளோ இரண்டாம் நாளோ எழுப்பி நிற்கவைக்கிறோம். நுரையீரலில் சளி தேங்காமலும் கால் சிரைகளில் இரத்தம் உறையாமலும் காக்க இது இன்றியமையாதது. படுக்கையில் புரளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பவேண்டும்; மரக்கட்டையை உருட்டுவதுபோல.

*வீடு திரும்பும் பயணம்:* பாபநாசம், தென்காசி போன்ற ஊர்களுக்குச் செல்வோர், காரின் முன்னிருக்கையைச் சற்றே சாய்த்து அமருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி நாலடி நடங்கள்.

*முதல் 6 வாரம்:* நடையே முதன்மையான உடற்பயிற்சி. 5 நிமிட நடையை நாளுக்கு நான்கைந்து முறை தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே இருப்பில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரவேண்டாம். தூக்கும் எடை 2 கிலோவைத் தாண்டக் கூடாது.

*6 வாரம் முதல் 3 மாதம்:* எடை 4 கிலோ வரை. மேசை வேலை பார்ப்போர் மருத்துவரின் ஒப்புதலுடன் அரைநாளாகத் தொடங்கலாம். கணவன் மனைவி உறவைப் பற்றிக் கேட்கப் பலர் தயங்குகின்றனர். முதுகுக்குச் சுமை வராத நிலையில் இக்காலத்தில் பெரும்பாலோர் தொடரலாம். தயங்காமல் கேளுங்கள்.

*3 முதல் 6 மாதம்:* எக்ஸ்ரே நிறைவாக இருந்தால் இயன்முறை மருத்துவர் வயிறு, இடுப்புத் தசைகளுக்கான பயிற்சிகளைத் தொடங்குவார். அடிக்கடி நகரத்துக்கு வர இயலாதோர், 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வீட்டுவழி இயன்முறைச் சிகிச்சை பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

*6 முதல் 12 மாதம்:* எலும்பு கூடும் அளவைப் பார்த்து ஒவ்வொரு தடையாகத் தளர்த்துவோம். வயல் வேலை, சுமை வேலை ஆகியன ஓராண்டுப் பரிசோதனைக்குப் பின்னரே.

வீட்டின் உயரத்தை மாற்றுங்கள்

முதல் மூன்று மாதங்களில் மூன்று செயல்களைத் தவிர்க்கவேண்டும்: குனிதல், முறுக்குதல், சுமத்தல். இவற்றைத் தவிர்க்க, தரையில் இருக்கும் அனைத்தையும் இடுப்பளவுக்கு உயர்த்துவதே எளிய வழி. நோயாளி வீடு வருமுன் குடும்பத்தார் இவற்றைச் செய்துவிடலாம்.

பாய்க்குப் பதிலாக, முழங்கால் உயரமுள்ள கட்டிலும் உறுதியான மெத்தையும் வேண்டும். பாய் முதுகுக்குக் கெடுதல் என்பதால் அன்று. தரையிலிருந்து எழும் முயற்சியே முதுகை முறுக்குகிறது என்பதால். அரிவாள்மனைக்குப் பதிலாக மேடைமேல் கத்தி. நாள்தோறும் எடுக்கும் பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அடுக்கில். பெருக்க நீண்ட பிடியுள்ள துடைப்பம். வாசற்கோலத்தை இவ்வாண்டு வீட்டில் வேறொருவர் இடட்டும்.

கழிப்பறையில் மேலைநாட்டு வகை இருக்கை இல்லையெனில், மேலே வைக்கும் நாற்காலி இருக்கை மருந்துக்கடைகளில் கிடைக்கும். கைக்கெட்டும் இடத்தில் நீர்பீய்ச்சும் குழாய் இருந்தால், கழுவிக்கொள்ள உடலை முறுக்க நேராது. இதனைக் கூச்சத்தால் பலர் கேட்பதில்லை. ஆனால் அன்றாடம் மிகுந்த துன்பம் தருவது இதுவே.

ஒரு குடம் தண்ணீர் 12 முதல் 15 கிலோ. நிறைந்த சமையல் எரிவாயு உருளை ஏறத்தாழ 30 கிலோ. இடுப்பில் ஏறும் குழந்தையும் சுமைதான். பாட்டியோ தாயோ அமர்ந்தபின் குழந்தையை மடியில் கொடுங்கள். இருசக்கர வண்டியில் பின்னால் அமர்வதை மூன்று மாதங்களுக்கு முற்றிலும் தவிருங்கள். ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு அமர்வது முதுகை முறுக்கும். அது பிற்காலத்திலும் வேண்டாம்.

ஆற்றுக்குளியலுக்கு ஏங்காதவர் நம்மில் குறைவு. புண் முற்றிலும் ஆறும்வரை ஆறு, குளம் எதிலும் இறங்கக் கூடாது. ஆறிய பின்னும், பாசி படிந்த படித்துறையில் ஒருமுறை வழுக்கினால் பல மாத முயற்சி வீணாகும். 6 மாதம் பொறுங்கள். குற்றால அருவியின் கீழ் முதுகைக் காட்டி நிற்பதை ஓராண்டு தள்ளிவையுங்கள். அடுத்த சாரலுக்கும் அருவி அங்கேதான் இருக்கும்.

எலும்புக்கு உதவுவனவும் ஊறு செய்வனவும்

புகையிலை எலும்பு கூடுவதைத் தடுக்கிறது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகிய அனைத்தையும் அறுவைக்கு முன்பே நிறுத்தி, குறைந்தது ஓராண்டு தவிர்க்கவேண்டும். பீடி சுற்றுவோர்க்குத் தூளின் வழியாக, தோலிலும் மூச்சிலும் நிகோட்டின் உட்செல்லக்கூடும். எனவே எலும்பு கூடும்வரை அத்தொழிலிலிருந்து விலகியிருப்பதே நன்று. பின்னர் தொடர நேர்ந்தால், முழங்கை உயர மேசைமுன் நாற்காலியில் அமர்ந்து, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஓராண்டு வருமானத்தை இழப்பது எளிதன்று என்பதை அறிவேன். அதனால்தான் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே அதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசிவிடவேண்டும் என வலியுறுத்துகிறேன்.

கேழ்வரகு (100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து), பால், முட்டை, மீன், பயறு ஆகியவற்றை நாள்தோறும் சேருங்கள். நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது புண் ஆறுவதற்கு இன்றியமையாதது. மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கி உண்ணவேண்டாம். சில வகைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம். எண்ணெய் தேய்த்து முதுகை நீவுவதும் அழுத்துவதும் கூடவே கூடாது.

மனமும் ஆறவேண்டும்

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரத்துக்குள் பலர் மனம் சோர்கின்றனர். பார்க்க வந்த உறவினர் குறைந்திருப்பர், வலி தீர்ந்திருக்காது, பிறர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது குற்றவுணர்வைத் தரும். ‘ஏன் இதற்கு இசைந்தேன்’ என்று கண்ணீர் விட்டோர் உண்டு. இது பெரும்பாலும் கடந்து செல்லும் நிலையே. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மையும் துயரமும் நீடித்தால் எங்களிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

உண்மை ஒன்றையும் மறைக்கலாகாது. இணைந்த பகுதி இனி வளையாது. இணைவு இடுப்புக்கு மேலேயே நின்றிருந்தால், 6 மாதத்துக்குப் பின் சிறிது நேரம் சம்மணமிட்டு அமரப் பலருக்கு இயலும். இணைவு இடுப்பெலும்பு வரை சென்றிருந்தால், தரையில் அமர்வதும் கால்நகம் வெட்டுவதும் நிரந்தரமாகவே கடினமாக இருக்கும். உங்களுக்கு எதுவரை இணைவு செய்யப்படவுள்ளது என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

உடனே வரவேண்டிய அறிகுறிகள்

• 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல். புண்ணில் சீழ், நீர்க்கசிவு அல்லது பரவும் சிவப்பு
• காலில் புதிய பலவீனம். சிறுநீர், மலம் அடக்க முடியாமை. பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல்
• கெண்டைக்காலில் வீக்கமும் வலியும்
• எழுந்து அமர்ந்தால் கூடி, படுத்தால் குறையும் கடுந்தலைவலி
• முதுகில் திடீரென ஒடிந்தது போன்ற ஒலி அல்லது புதிய கூர்மையான வலி

மூச்சுத்திணறலோ மார்பு வலியோ ஏற்பட்டால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 ஆண்டு, 2 ஆண்டு ஆகிய பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மேற்கண்ட கணக்குகள் பொதுவானவை. உங்கள் முதுகுக்குரிய கணக்கை உங்கள் மருத்துவரே சொல்லவேண்டும். வரும்போது வீட்டிலிருந்து ஒருவரை உடனழைத்து வாருங்கள். இந்த ஓராண்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போகிறவர் யார் என்பதை அவரிடம்தான் நாங்கள் கேட்கவேண்டியிருக்கிறது.