தாலி மட்டும் போதாது, தாளிலும் எழுதி வையுங்கள்



கிளைக் கூட்டத்தில் உயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "நம்மகிட்ட என்னாங்க இருக்கு, உயில் எழுத?" என்று சிரிக்கிறார்கள். சிலர், "உசிரோட இருக்கிறப்பவே சாவைப் பத்தி என்னா பேச்சு?" என்று முகம் சுளிக்கிறார்கள். உயில் எழுதியதால் செத்தவர் யாருமில்லை. எழுதாமல் போனதால் கோர்ட்டுக்கும் நில அலுவலகத்துக்கும் அலைந்த குடும்பங்களோ ஏராளம்.

லயத்து வீடு நம்முடையது அல்ல. அதை யாருக்கும் எழுதி வைக்க முடியாது. ஆனால் வயிற்றைக் கட்டி வாங்கிய மலிவு விலை வீடு, ஒரு துண்டு நிலம், பேங்கில் போட்ட பணம், மோட்டார் சைக்கிள், நகை எல்லாம் சொத்துதான்.

உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பங்கு போடும். இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று எல்லாரும் இருந்தால், மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. வீடு 120,000 வெள்ளி பெறும் என்றால் மனைவியின் பங்கு 30,000 வெள்ளிதான். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு.

இந்தப் பங்கும் கல்யாணத்தைப் பதிந்தவர்களுக்குத்தான்! இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். 1982 மார்ச் 1-ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதியப்பட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் செல்லும். அதற்குப் பின் தோட்டத்துக் கோயிலில் ஊரே கூடித் தாலி கட்டியிருந்தாலும், பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி அல்ல. முப்பது வருஷம் சேர்ந்து பால் வெட்டிக் கட்டிய வீடு, புருஷன் பெயரில் இருந்தால், அவன் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ போய்விடும். அந்தப் பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு கிடைக்காது. சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கும் இதே கதிதான். இவர்களுக்கு உயில் ஒன்றே காப்பு.

அதை எழுதுவது எப்படி? முத்திரைத் தாள் வேண்டாம், வக்கீல் கட்டாயமில்லை. 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம் கேட்பது இவ்வளவுதான்:

1. எழுதுபவருக்கு 18 வயது நிறைந்து, சுயபுத்தி இருக்க வேண்டும்.

2. எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை செல்லாது.

3. இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க, அவர்கள் முன் நீங்கள் கடைசியில் கையெழுத்திட வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் போட வேண்டும். கைநாட்டும் செல்லும், ஆனால் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டார் என்று அதிலேயே எழுதுங்கள்.

4. சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போடக் கூடாது. போட்டால் அவர் பங்கு போய்விடும். "என் மவனே சாட்சி போடட்டும்" என்பது கூடாத காரியம்.

5. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை நம்பிக்கையான ஒருவர் பெயரில் எழுதுங்கள். தேதி போடுங்கள். அசல் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருமணம் நடந்தால் அதற்கு முன் எழுதிய சாதாரண உயில் ரத்தாகிவிடும். ஆகவே பதியாதவர்கள் முதலில் தேசிய பதிவு இலாகாவில் கல்யாணத்தைப் பதியுங்கள். பிறகு உயில் எழுதுங்கள். முன்பே எழுதியிருந்தால் பதிந்த பின் புதிதாக எழுதுங்கள்.

சேமநிதி கணக்கு வேறு. அங்கே யார் பெயரைக் கொடுத்தீர்களோ அவருக்கே பணம் போகும்; உயில் அதை மாற்றாது. எப்போதோ கொடுத்த பெயராக இருந்தால் உடனே சரிபாருங்கள். கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் வாரிசு பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள்.

மேலே சொன்னவை தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான விதிகள். சொத்து தகராறில் இருந்தாலோ, இரண்டு குடும்பம் இருந்தாலோ வக்கீலைப் பார்ப்பதே நல்லது.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சம்பளத்துக்காகப் போராடுகிறோம், அந்தச் சம்பளத்தில் சேர்த்தது நம் பெண்டு பிள்ளைகளுக்குப் போய்ச் சேர ஒரு தாளில் எழுதி வைக்கக் கூடாதா?