சான்று முத்திரையின் இடம்

அமெரிக்க நாட்டிலே புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் கையொப்பமிட்ட பந்துகள் பெருவிலை பெறுவன. விலை மிகவே போலியும் மிகுந்தது. 1990களின் பிற்பகுதியில் மத்திய புலனாய்வுத் துறையினர் ‘புல்பென்’ எனும் பெயரால் நடத்திய விசாரணை அதன் பரப்பை வெளிப்படுத்திற்று. 2001ஆம் ஆண்டு மேஜர் லீக் நிர்வாகம் எண்ணிட்ட ஹொலோகிராம் முத்திரையை ஒட்டும் முறையைத் தொடங்கியது. உரித்தெடுப்பின் சிதைந்துவிடுமாறு அமைந்தது அது. ஆதலின் ஒட்டுமிடத்தை முதலிலேயே தேர்தல் வேண்டும். பந்தில் இரு தையல்களும் நெருங்குமிடத்து ஒடுங்கிய வெளி கையொப்பத்துக்கே உரியது. முத்திரை அங்கு ஏறின் பந்தின் மதிப்புக் குன்றும். ஒப்பமற்ற மறுபக்கமே தகும். பசை தோலைக் கெடுக்குமென அஞ்சிக் கண்ணாடிப் பேழையில் ஒட்டச் சொல்வாரும் உளர். பேழையுட் பந்தை மாற்றுதல் எத்துணை எளிது! சட்டையாயின் முன்புறத்தை விடுத்து, அடிவிளிம்பருகே ஒட்டுதல் நன்று.