அடிக்கடி காத்து இறங்குதா? பைக் டயரின் ‘ஸ்லோ பஞ்சரை’ கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்காலில் பெட்ரோல் விலை தமிழகத்தைவிடக் குறைவு. நாகூர், தரங்கம்பாடி பக்கமிருந்து டூவீலரில் வந்து டேங்கை நிரப்பிச் செல்பவர்கள் ஏராளம். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். ஆனால் டயரில் காத்து குறைந்தால் வண்டியை நகர்த்த இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பாதுகாப்பு. காத்து குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகும். வளைவில் வண்டி ஆடும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் அடிபடும். துறைமுக லாரிகள் ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆணி குத்தி டயர் உடனே தட்டையானால் எல்லோரும் பஞ்சர் கடைக்குப் போவார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மெல்ல இறங்கினால்? “பங்க்ல காத்து அடிச்சுக்கலாம்” என்று ஓட்டுபவர்களே அதிகம். அங்குதான் ஆபத்து.

எது இயல்பு, எது லீக்?

ரப்பர் வழியாகக் கொஞ்சம் காத்து கசிவது இயல்புதான். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறையலாம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். ஆனால் காரைக்கால் போன்ற கடலோர ஊரில் இரவு, பகல் வெப்ப வித்தியாசம் பெரிதாக இருக்காது. அதனால் “குளிர்ல இறங்கியிருக்கும்” என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

எளிய வழி, இரண்டு டயரையும் ஒப்பிடுவது. காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கேஜில் மீண்டும் அளங்கள். இரண்டும் ஒரே வெயில், ஒரே மழையில்தான் நின்றன. அதில் ஒன்று மட்டும் நான்கைந்து பிஎஸ்ஐ இறங்கியிருந்தால், அது லீக்தான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு காத்து என்பது கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும்.

சோப்புத் தண்ணீர் சோதனை

பாத்திரம் கழுவும் லிக்விட் அல்லது ஷாம்பூவைத் தண்ணீரில் கலக்குங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் முழு அளவு காத்து அடித்துவிட்டு, இந்த வரிசையில் ஊற்றிப் பாருங்கள்.

*1. வால்வு:* மூடியைக் கழற்றி வாயில் சில சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ‘வால்வு பின்’ தளர்ந்திருக்கிறது, அல்லது மண் சிக்கியிருக்கிறது. இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகிவிடும். வால்வின் அடிப்பகுதியை லேசாக வளைத்தும் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் அங்கும் கசியும்.

*2. தரையில் படும் பகுதி:* சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். டெல்டா கடலோரத்தில் சீமைக் கருவேல முள்தான் முக்கிய எதிரி. முள் ஏறி, வெளியே உள்ள பகுதி ஒடிந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. சோப்பு நுரை காட்டிக்கொடுக்கும். ஆணி, முள் எதையும் உடனே பிடுங்க வேண்டாம். சாக்பீஸால் குறியிட்டு, கடையில் போய் எடுப்பதே நல்லது.

*3. ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு:* இரண்டு பக்கமும் பாருங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணியே இல்லாமல் காத்து இறங்கினால், பெரும்பாலும் காரணம் இங்கேதான். உப்புக் காற்றில் ஸ்டீல் ரிம் துருப்பிடிக்கும். அலாய் ரிம்மிலும் அரிப்பு வரும். அந்தச் சொரசொரப்பில் டயர் சரியாக உட்காராது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவக் கிராமங்களில் மீன் பெட்டி கட்டிய வண்டிகளின் பின் ரிம்மில் ஐஸ் கலந்த உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றில் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

டியூப் டயர் என்றால்?

கதை கொஞ்சம் மாறும். டியூபில் எங்கே ஓட்டை இருந்தாலும், காத்து வால்வு துளை வழியாகவோ ஸ்போக்ஸ் அடியிலிருந்தோதான் வெளியேறும். குமிழி வரும் இடம் ஓட்டையின் இடம் அல்ல. டியூபைக் கழற்றி, காத்து அடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்:

• தரையை நோக்கிய பக்கம் என்றால் முள் அல்லது ஆணி.
• ரிம்மை நோக்கிய பக்கம் என்றால் துரு, ஸ்போக்ஸ் முனை, அல்லது கிழிந்த ரிம் டேப்.
• பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், காத்து குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இறங்கியதால் டியூப் நசுங்கியிருக்கிறது.
• வால்வு அடியில் கிழிசல் என்றால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. டியூபை மாற்ற வேண்டும்.

கடைக்காரர் ஒட்டி முடித்ததும், “டயருக்குள்ள முள்ளு இருக்கான்னு பாத்துட்டீங்களாண்ணே?” என்று கேட்கத் தயங்காதீர்கள். முள்ளை எடுக்காமல் மாட்டினால் நாளைக்கே மறுபடி பஞ்சர். டயருக்குள் வெறும் கையால் தடவக் கூடாது. துணியை வைத்துத் தடவினால் முள் துணியில் மாட்டும்.

எந்த ரிப்பேர் தாங்கும்?

டியூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து சொருகும் ரப்பர் கயிறு ஊர் போய்ச் சேர உதவும். நீண்ட நாள் ஓட்ட வேண்டுமென்றால், டயரைக் கழற்றி உள்பக்கமாக ஒட்டும் பேட்ச்தான் நம்பகமானது. பக்கச்சுவரில் ஓட்டை என்றால் பேச்சே இல்லை. டயரை மாற்ற வேண்டும். அந்தப் பகுதி தொடர்ந்து வளைவதால் ஒட்டு நிற்காது.

ரிம் விளிம்பில் கசிந்தால், டயரை இறக்கி, துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். ரிம் நெளிந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் சுத்தம் செய்வது மட்டும் போதாது. உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சிறிய ஓட்டையைத்தான் அடைக்கும். அது ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் ‘டாட்’ குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில், முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெடிப்பு விட்ட பழைய டயருக்குச் செலவழிப்பது வீண்.

சரிசெய்த பிறகு...

ஒட்டிய இடத்தில் மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையும், மூன்று நாள் கழித்தும் அளவு மாறாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. கடற்கரைக்குப் போய்வந்தால் ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வால்வு மூடி தொலைந்திருந்தால் இன்றே வாங்கிப் போடுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் காத்து இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. டேங்க் நிரப்பும்போது இரண்டு நிமிடம் ஒதுக்கி இரண்டு டயரையும் செக் பண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் அதே டயருக்கே காத்து தேவைப்பட்டால், அடுத்த நிறுத்தம் பஞ்சர் கடையாக இருக்கட்டும்.