பியானோவின் சுருதியும் பன்னிரண்டு பஞ்சமங்களும்

வயலின் வாசிப்பவர் ஒரு ஸ்வரம் பிசகினால் விரலைச் சற்று நகர்த்தித் திருத்திக்கொள்ளலாம். பியானோ பயிலும் மாணவனுக்கு அவ்வசதி இல்லை. ஒவ்வொரு கட்டையின் ஸ்வரமும் சுருதி கூட்டுபவரால் முன்னரே நிலைநிறுத்தப்பட்டதாகும். அங்ஙனம் நிலைநிறுத்தும்போது ஒரு சிறு பிசகு வேண்டுமென்றே புகுத்தப்படுகிறது. அதன் காரணத்தை ஆராய்வோம்.

ஒரு ஸ்வரத்தைப்போல் இரு மடங்கு அதிர்வெண் உடையது அதன் மேல் ஸ்தாயி ஸ்வரம். ஒன்றரை மடங்கு உடையது அதன் பஞ்சமம். 88 கட்டைகள் கொண்ட பியானோவின் முதற்கட்டை விநாடிக்கு 27.5 முறை அதிர்வதாகக் கொள்வோம். அதிலிருந்து ஏழு ஸ்தாயிகள் மேலே சென்றால் 85-ஆம் கட்டையை அடைகிறோம். அதன் அதிர்வெண் 3,520. பன்னிரண்டு பஞ்சமங்களாக ஏறிச் சென்றாலும் அடைவது அதே கட்டைதான். ஆனால் கணக்கின்படி கிடைக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 3,568 ஆகும்!

இவ்வேறுபாடு சுருதி கூட்டுபவரின் குறை அன்று. பஞ்சமக் கணக்கு மூன்றின் பெருக்கத்தையும், ஸ்தாயிக் கணக்கு இரண்டின் பெருக்கத்தையும் சார்ந்தவை. மூன்றை எத்தனை முறை பெருக்கினும் ஒற்றை எண்ணே வரும்; இரண்டைப் பெருக்கின் இரட்டை எண்ணே வரும். இவை ஒருபோதும் ஒன்றாகா.

எனவே இம்மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் குறைக்கின்றனர். இன்று பெரும்பாலும் வழங்கும் இம்முறையில், அடுத்தடுத்த கட்டைகளின் விகிதம் 1.05946 ஆகும். இதனால் பஞ்சமம் 1.5 மடங்குக்குப் பதிலாக 1.4983 மடங்காகச் சிறிதே குறைகிறது. அந்தர காந்தாரமோ 1.25 மடங்குக்குப் பதிலாக 1.2599 மடங்காகக் கூடிவிடுகிறது.

இப்பிசகைச் செவியாலேயே அறியலாம். பொருத்தம் சிறிது தவறிய இரு ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும்போது ஓசை ஏறி இறங்கும். இதனை விம்மல் என்பர். விநாடிக்கு 261.6 அதிர்வுகளையுடைய கட்டையை ஷட்ஜமமாகக் கொண்டால், பஞ்சமத்தோடு சேர்கையில் விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான விம்மலே தோன்றும். அந்தர காந்தாரத்தோடு சேர்கையில் ஏறத்தாழப் பத்து விம்மல்கள் தோன்றும். செவியால் சுருதி கூட்டுவோர் இவ்விம்மல்களின் வேகத்தையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

பள்ளிகளில் உள்ள ஹார்மோனியமும் பெரும்பாலும் இம்முறையிலேயே சுருதி கூட்டப்பெறுகிறது. அகில இந்திய வானொலி அக்கருவிக்கு 1940-இல் விதித்த தடையை 1971-இல்தான் தளர்த்தியது. கமகங்களை இசைக்க இயலாமையும், மாற்றவியலாத இச்சுருதியும் அதன்மீது கூறப்பட்ட குறைகளாகும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஹார்மோனியத்தில் ஷட்ஜமத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து ஒலிக்கச் செய்து, விம்மலை மாணவர்கள் உற்றுக் கேட்கட்டும். பின்னர்த் தம்புராவின் சுருதியோடு அதே காந்தாரத்தைப் பாடச் செய்க. நற்செவி வாய்ந்த பிள்ளை விம்மல் அடங்கும் இடத்தில் குரலை நிறுத்தும். அவ்விடம் பெட்டியின் காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பெட்டியோடு ஒத்துவரவில்லை என்று அப்பிள்ளையைக் கண்டிக்குமுன் ஆசிரியர் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று. பிசகு பெட்டியினுடையதாகவும் இருக்கலாம்.