கரைச்சல் தரும் விளையாட்டுச் சாமான்களுக்கு ஒரு கணக்கு

பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது கையில் ஒரு சின்னப் பை இருக்கும். கனடாவில் இதை லூட் பாக் என்பார்கள். கலியாண வீட்டுக்கு வந்தவர்களைப் பலகாரப் பை கொடுத்து அனுப்புகிற எங்கள் வழக்கம் மாதிரித்தான், வந்த பிள்ளையை வெறுங்கையோடு விடக்கூடாது என்ற மரியாதை. ஆனால் கார் வீட்டுக்கு வந்து சேருமுன்னரே அந்தப் பைக்குள் இருந்த விசில் காதைக் கிழித்துவிடும். இரவில் ஸ்லைம் என்ற பச்சைக் களி கம்பளத்தில் ஒட்டும். ஞாயிறு காலை கோப்பி போட எழும்பி நடந்தால் காலுக்குக் கீழே ஏதோ நொறுங்கும். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் மிச்சத்தைக் குப்பைக்குள் போடுவோம். புதன்கிழமை பிள்ளை சரியாக அந்தச் சாமானைத்தான் தேடும்.

எங்களில் பலர் இப்போது பேரப்பிள்ளை கண்டுவிட்டோம். முன்பு வாங்கி ஏமாந்த நாங்கள் இன்று வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளிடம் ஏச்சு வாங்குகிறோம். கணக்கெழுதிப் பிழைக்கும் எங்கள் கண்ணுக்கு இதில் ஒரு பதிவுப் பிழை தெரிகிறது. எல்லாக் கரைச்சலையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதி வைத்திருக்கிறோம். காதுக்கு வரும் கரைச்சல் ஒன்று, காசுக்கு வரும் கரைச்சல் இன்னொன்று, உயிருக்கே வருவது வேறொன்று. இத்தனை வருடமும் நாங்கள் மறித்தது முதலாவதைத்தான். மற்ற இரண்டையும் கதவைத் திறந்து உள்ளே விட்டோம்.

சத்தத்தை ஏன் மறித்தோம் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் இரண்டு அறைகளில் ஏழு பேர் இருந்தோம். கீழ்வீட்டுக்காரர் தடியால் கூரையைத் தட்டுவார். புதிதாய் வந்த அகதிக் குடும்பம் என்றால் யாராவது முறைப்பாடு கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் கூடவே இருக்கும். அதனால் பிள்ளை மேளம் என்று கேட்டால் படம் கீறும் கொப்பி வாங்கிக் கொடுத்தோம். உண்மையில் சத்தம் என்பது விளையாட்டுச் சாமானின் பழைய குணம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதிக் கடைகளில் அம்மம்மா குழல் வாங்கி ஊதி, வீட்டில் அடி வாங்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் யார்? கனடாவின் விதிப்படி ஒரு விளையாட்டுச் சாமான் 100 டெசிபலுக்கு மேல் சத்தம் போடக்கூடாது. அது சின்ன அளவில்லை, காதோடு வைத்து அழுத்த விடக்கூடாது. ஒலிபெருக்கித் துளைகளின் மேல் செலோரேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டினால் சத்தம் கணிசமாகக் குறையும். இதற்கு மேல் சத்தத்தைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை.

கதைக்க வேண்டியது மூடிய பொதியைப் பற்றி.

இதன் பிரபலமான முன்னோடி கிண்டர் முட்டை. இத்தாலியில் ஃபெரேரோ நிறுவனம் 1974இல் அதை விற்பனைக்கு விட்டது. மெல்லிய சொக்லேட் ஓடு, அதற்குள் மஞ்சள் பிளாஸ்ரிக் குமிழ், குமிழுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொம்மை. அமெரிக்காவில் இந்த முட்டையை விற்க முடியாது. 1938ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், இனிப்புக்குள் உண்ண முடியாத பொருள் புதைந்திருப்பதைத் தடுக்கிறது. எங்கள் உறவுக்காரர் பஃபலோ வழியாக நியூ ஜேர்சிக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது, எல்லையில் நாலு முட்டைகளை எடுத்து வைத்துவிட்டார்கள். கறித்தூளுக்கும் மீன் கருவாட்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்த மனிதர், முட்டைக்குப் பதில் இல்லாமல் நின்றாராம். பின்னர் அதே நிறுவனம் இனிப்பு ஒரு பாதியிலும் பொம்மை மறுபாதியிலும் தனித்தனியாக மூடிய இன்னொரு முட்டையைச் செய்து அங்கேயும் விற்கிறது.

அமெரிக்கச் சட்டத்தின் கவலை தொண்டையைப் பற்றியது. எங்கள் கவலை பணப்பையைப் பற்றியது. முட்டையில் இருந்து வந்ததுதான் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதே வேலையைச் செய்யும் பைகளும் பெட்டிகளும் பந்துகளும் இன்று ஒரு கடை வரிசையையே நிரப்புகின்றன. பொதியின் பின்பக்கத்தில் எட்டுப் பொம்மைகளின் படம் இருக்கும். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாது. பிள்ளைக்கு எட்டும் வேண்டும்.

ஒரு பை 5 டொலர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பொம்மைகளும் சம அளவில் கலந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் பையில் வருவது எப்படியும் புதிது. இரண்டாவது பையிலும் புதிது வர எட்டில் ஏழு வாய்ப்பு. நாலு பொம்மை சேர்ந்த பிறகு வாய்ப்பு பாதிக்குப் பாதி, ஆகவே அடுத்த புதியதற்குச் சராசரியாக இரண்டு பை திறக்க வேண்டும். ஏழு சேர்ந்துவிட்டால் கடைசி ஒன்றுக்கு எட்டில் ஒரு வாய்ப்பு. அந்த ஒன்றுக்கு மட்டும் சராசரியாக எட்டுப் பை. எல்லாவற்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 22 பைகள் வரும். கடையில் எட்டுப் பொம்மையையும் கண்ணால் பார்த்து எடுக்க விட்டிருந்தால் 40 டொலர். மூடிக் கொடுத்ததால் 110 டொலர். இடையில் உள்ள 70 டொலர் எதற்கு? பொம்மைக்கு அல்ல. பொதி மூடியிருக்கிறது என்பதற்காக. வீட்டு லாச்சியில் ஒரே நாய்க்குட்டியும் ஒரே யானையுமாக 14 பொம்மைகள் மிஞ்சிக் கிடக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. முதல் நாலு பொம்மைகளுக்குச் சராசரியாக ஐந்து பைதான் ஆகும். பிள்ளையும் நாங்களும் "பரவாயில்லையே, சீக்கிரம் சேருகிறது" என்று நம்புவது அங்கேதான். அடுத்த நாலுக்கு ஏறக்குறைய 17 பை. அரைவாசி தூரம் வந்தபின் நிறுத்தப் பிள்ளைக்கு மனம் வராது, எங்களுக்கும் வராது. சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இது விளங்கும். சீட்டில் கழிவு போனாலும் கடைசியில் கைக்கு என்ன வரும் என்று தெரியும். இது அதிர்ஷ்டலாபச் சீட்டின் கணக்கு. அதுவும் எல்லாம் சம அளவில் கலந்திருந்தால் மட்டும். அண்மையில் பெரியவர்களே பையில் கொழுவிக்கொண்டு திரிந்த லபூபு பொம்மையின் ஒரு தொடரில், இரகசியப் பொம்மை 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது.

சில அரசுகள் இதைச் சூதாட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. பெல்ஜியம் 2018இல், கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் மர்மப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. சீனா 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மூடிய பொம்மைப் பெட்டி விற்கக்கூடாது. கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்டவர்களை நோக்கி வியாபார விளம்பரம் செய்வது 1980இலிருந்து தடை. விளையாட்டுச் சாமான் நிறுவனம் ஒன்று அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 1989இல் தோற்றது. ஆனால் அந்தத் தடை பொதியின் மேல் அச்சிடும் படத்தையும் கடைக்குள் அடுக்கி வைப்பதையும் பெரும்பாலும் தொடாது. காசு கட்டும் இடத்தில், நாலு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் அது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும்.

கணக்குத் தெரிந்த நாங்கள் ஏன் வாங்கினோம்? இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எடுத்த வர்த்தகப் பட்டம் இங்கே ஒரு காகிதம். பகலில் தொழிற்சாலை, இரவில் பெற்றோல் நிலையம் என்று இருந்த காலத்தில், பிள்ளை எழும்புமுன் வீட்டை விட்டுப் போய் அது படுத்தபின் வந்தோம். பெற்றோல் நிலையத்துக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அந்த முட்டைகள் இருந்தன. ஒன்றை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தால், காலையில் பிள்ளை அப்பா வந்திருக்கிறார் என்று அறியும். மகள் அண்மையில்தான் சொன்னாள், பொம்மைகள் ஒன்றும் ஞாபகமில்லையாம், சொக்லேட்டைக்கூடச் சிலநாள் தம்பிக்குக் கொடுத்துவிடுவாளாம். முட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அவளுக்கு முக்கியமாக இருந்ததாம். இந்தச் செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. வீண் என்று எழுத மனமில்லை.

மூன்றாவது கரைச்சல் பற்றறி. இதில் எங்கள் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி கொண்டுவரத் தடை. இருந்த பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்தோம், துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். அப்படி வந்தவர்களின் கை ஒரு பற்றறியையும் எறியாது. எங்கள் வீட்டிலும் குசினி லாச்சிக்குள் ஒரு பழைய மாஜரீன் டப்பா நிறையப் பற்றறிகள் இருந்தன, பெரும்பாலும் சக்தி போனவை. பொம்மைகளில் இருந்து கழற்றியவை, பாட்டுப் பாடும் வாழ்த்து மடலில் இருந்தவை, சாமியறையின் மின்விளக்குகளில் இருந்தவை.

போன வருடம் ஒரு பின்னேரம், இரண்டரை வயதுப் பேத்தி அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். பொறுக்கி எடுத்தோம். கணக்கெழுதுகிற வீட்டில் அந்த டப்பாவுக்குள் எத்தனை இருந்தது என்ற கணக்கு மட்டும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். விழுங்கினாளா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று மருத்துவர் விளக்கியதை எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டும். நாணயம் போன்ற தட்டைப் பற்றறிகளில் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ளது மிகவும் ஆபத்தானது. ஏறக்குறைய ஐந்து சத நாணயத்தின் அளவு, சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். நஞ்சு கசிவதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தோம். முதல் ஆபத்து அது அல்ல. ஈரமான தசையில் பட்டவுடன் மின்னோட்டம் ஓடத் தொடங்கி, அந்த இடத்தில் காரம் உருவாகித் தசையை எரிக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையான சேதம் வரலாம். மணிக்கூட்டையோ பொம்மையையோ ஓட்டச் சக்தியில்லாத பழைய பற்றறியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிஞ்சியிருக்கும். சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, நாளைக்கு மலத்தோடு போகும் என்று பார்த்திருக்கவும் கூடாது, உடனே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டும். சின்னச் சக்திவாய்ந்த காந்த உருண்டைகளும் இப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையில் ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கும்.

நல்ல கடையில் வாங்கிய குழந்தைப் பொம்மையில் பற்றறி மூடிக்குத் திருகாணி இருக்கும். கழற்ற மினக்கெடவேண்டியிருக்கிறதே என்று நாங்கள் சலித்துக்கொண்ட அந்தத் திருகாணி வேண்டுமென்றே வைத்தது. ஆபத்து கூடுதலாக இருப்பது விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் விற்காதவற்றில்: வாழ்த்து மடல், மின்மெழுகுதிரி, தொலைக்காட்சியின் ரிமோட், கோடைகாலத் தெருக்கடைகளில் விற்கும் மின்னும் மோதிரம். லூட் பாக்கைக் கொட்டிப் பார்க்கும்போது முதலில் தேடவேண்டியது விசிலை அல்ல, மின்னுகிற எதையும்தான்.

எங்கள் டப்பா அடுத்த நாளே காலியானது. ஒவ்வொன்றின் இரு பக்கத்தையும் செலோரேப்பால் மூடி, கடை வாசலில் பழைய பற்றறி சேர்க்கும் பெட்டிக்குள் போட்டோம். இப்போது பேத்திக்கு என்ன வாங்குவது என்று மகளிடம் கேட்டுத்தான் வாங்குகிறோம். மூடிய பொதி மாதத்துக்கு ஒன்று என்று அவளே விதி போட்டிருக்கிறாள். இரண்டாவது நாய்க்குட்டி வந்தால் பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொள்ளலாம், கடைக்கு மறுபடி போகக்கூடாது. பேத்திக்கு இந்த மாதம் யானை வந்திருக்கிறது.

ஓகஸ்ட்டில் ஊருக்குப் போனவர்களிடம் சொல்லி நல்லூரில் ஒரு அம்மம்மா குழல் வாங்குவித்தோம். அதற்குப் பற்றறி தேவையில்லை. பேத்தி காலை ஆறு மணிக்கு எழும்பி ஊதுகிறாளாம். மகள் இரண்டு நாளாக எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை.